ஆப் கம்பெனி கருவி செய்யக் கிளம்பினால் எங்கே அடி விழும்? அடிபட்டவர்கள் சொல்லுங்கள்

#1 இரவுக்கோடர்

வணக்கம். நாங்கள் 40 பேர் உள்ள மென்பொருள் கம்பெனி. ஆறு வருடமாக ஒரே ஆப்தான். கூட்டங்களில் பேசுவதைப் பதிவு செய்து எழுத்தாக மாற்றித் தரும். ஓரளவு ஓடுகிறது, சம்பளம் தேதிக்கு வருகிறது. போன மாதம் முதலாளிக்குத் திடீரென்று ஒரு ஆசை. மேசைமேல் வைக்கிற மாதிரி, உள்ளங்கை அளவில், நான்கு மைக் வைத்த சின்னக் கருவி ஒன்றை நாமே செய்து விற்றால் என்ன என்கிறார். ஒரு தொழிற்சாலையோடு பேசியும் விட்டார். முதல் ஆர்டர் 10,000 போட்டால்தான் அவர் நினைக்கிற விலைக்கு வருமாம்.

இதில் என்ன ஆபத்து என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார். நெட்டில் தேடினால் எல்லாக் கட்டுரையும் ஒரே பல்லவி: போட்டி அதிகம், பிராண்டு முக்கியம், வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ளுங்கள். இதை எழுதிக்கொண்டு போனால் என்னைப் பார்த்துச் சிரிப்பார். உண்மையில் பணம் எந்த ஓட்டை வழியாகப் போகிறது? கையில் கருவி செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 சாலிடர்சாமி

தொழிற்சாலையோடு பேசி முடித்துவிட்டு ஆபத்தை எழுதச் சொல்கிறாரா? காலை விட்டுவிட்டு ஆழம் பார்க்கிற கதை. சரி, இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று நம்புகிறேன்.

15 வருடமாக ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) எழுதுகிறேன். மென்பொருளிலிருந்து வருகிறவர்களிடம் நான் பார்க்கிற முதல் வியாதி, "முதலில் வெளியிடுவோம், அப்புறம் சரிசெய்வோம்" என்ற பழக்கம். உங்கள் ஆப்பில் பிழை வந்தால் ராத்திரி 11 மணிக்குத் திருத்தி 12 மணிக்கு ஏற்றிவிடுவீர்கள். கருவி அப்படி இல்லை. அது யார் வீட்டு அலமாரியிலோ இருக்கிறது. நெட் இணைப்பில் இருக்கும் என்பதற்கே உத்தரவாதம் கிடையாது.

மைக்ரோசாஃப்டின் ஸூன் நினைவிருக்கிறதா? 2006 நவம்பரில் ஐபாடுக்குப் போட்டியாக வந்த பாட்டுப் பெட்டி. 2008 டிசம்பர் 31 அன்று 30 ஜிபி மாடல் கருவிகள் எல்லாம் ஒரே நாளில் உறைந்து நின்றன. காரணம் கடிகாரத்தைக் கவனிக்கிற ஒரு சின்ன டிரைவர் மென்பொருள். 1980 முதல் எத்தனை நாள் ஆகிறது என்ற எண்ணை எடுத்துக்கொண்டு வருடம் வருடமாகக் கழித்துக்கொண்டே வரும், அப்படித்தான் இன்று எந்த வருடம் என்று கண்டுபிடிக்கும். மிச்சம் 365ஐ விடப் பெரிதாக இருக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். லீப் வருடம் என்றால் மிச்சம் 366ஐ விடப் பெரிதாக இருந்தால்தான் கழிக்கும். லீப் வருடத்தின் கடைசி நாளில் மிச்சம் சரியாக 366. சுற்றை விட்டு வெளியே வரவும் முடியாது, கழிக்கவும் முடியாது. அங்கேயே நின்று சுற்றிக்கொண்டிருந்தது. கம்பெனி சொன்ன வைத்தியம்: பேட்டரி தீரும்வரை விடுங்கள், கிரீன்விச் நேரப்படி ஜனவரி 1 மதியம் தாண்டிய பிறகு சார்ஜில் போடுங்கள். அவ்வளவுதான்! அந்த நிரல் கோடு மைக்ரோசாஃப்ட் எழுதியதுகூட இல்லை, ஃப்ரீஸ்கேல் சிப்போடு வந்தது. உங்கள் கருவியிலும் பாதி கோடு இப்படி வெளியிலிருந்து வரும், அதை யாரும் வரி வரியாகப் படித்திருக்க மாட்டார்கள்.

அதுவாவது ஒரு நாளில் தானாகச் சரியானது. அதே கம்பெனியின் எக்ஸ்பாக்ஸ் 360 வீடியோ கேம் பெட்டியில் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போகும் பிரச்சினை வந்ததே, அதற்கு 2007 ஜூலையில் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. வாரண்டியை மூன்று வருடமாக நீட்டினார்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி உள்ளே இணைப்புகள் விட்டுப்போனதுதான் பின்னால் சொல்லப்பட்ட காரணம். அதற்கு எந்த அப்டேட்டை ஏற்றுவது?

#3 கிடங்குக்காரி

சாலிடர்சாமி சொல்வது சரி. ஆனால் பழுதாகாத கருவியே கம்பெனியை மூழ்கடித்துவிடும். என் வேலை கொள்முதல் திட்டமிடல், அதனால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த 10,000தான்.

மென்பொருளில் ஒரு பிரதி அதிகம் விற்றாலும் குறைந்து விற்றாலும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். கருவியில், ஒரு வாடிக்கையாளர்கூட வருவதற்கு ஆறேழு மாதம் முன்னாலேயே எத்தனை விற்கும் என்று சொல்லிவிட வேண்டும். சிப், மைக், பேட்டரி ஒவ்வொன்றுக்கும் வரும் காலம் வேறு. அதில் சிலவற்றை ரத்து செய்யவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது என்ற நிபந்தனையோடுதான் தருவார்கள். எங்கள் பேச்சில் என்சிஎன்ஆர். ஒப்பந்தத்தில் இது ஒரு வரியாகத்தான் இருக்கும், எழுத்தும் பொடியாக இருக்கும். கருவி விற்கவில்லை என்று தயாரிப்பை நிறுத்தினாலும் அந்தச் சாமான்களுக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

அமேசான் 2014 ஜூலையில் ஃபயர் ஃபோனை விற்க ஆரம்பித்தது. செப்டம்பரில் ஒப்பந்தத்தோடு 199 டாலர் என்றிருந்த விலை 99 சென்ட் ஆனது. அந்தக் காலாண்டுக் கணக்கில் 17 கோடி டாலர் நஷ்டம் எழுதினார்கள். அந்த 17 கோடி எதற்கு என்று பாருங்கள்: கையிருப்பு மதிப்பு இறங்கியதற்கும், சப்ளையர்களுக்குக் கொடுத்த வாக்குக்கும். எழுதிய பிறகும் 8.3 கோடி டாலர் சரக்கு கையில் இருந்தது. ஸ்னாப் கம்பெனி கேமரா வைத்த கண்ணாடி செய்து 2017இல் ஏறத்தாழ 4 கோடி டாலர் எழுதியது, அதிலும் ரத்து செய்த கொள்முதல் உண்டு. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட்டுக்கு 2013இல் 90 கோடி டாலர். மூன்றுமே மென்பொருளிலோ இணைய வியாபாரத்திலோ கெட்டிக்காரக் கம்பெனிகள். மூன்றும் விழுந்தது ஒரே குழியில்.

பயந்து குறைவாகப் போட்டால் தப்பித்தோம் என்றும் இல்லை. அமேசானின் மின்புத்தகக் கருவியான முதல் கிண்டில் 2007 நவம்பரில் வந்தபோது ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது. மறுபடி சரக்கு வர அடுத்த ஏப்ரல் ஆகிவிட்டது. பண்டிகைக் கால விற்பனை முழுக்கப் போச்சு. அமேசான் தாங்கிக்கொண்டது. 40 பேர் கம்பெனி ஐந்து மாதம் விற்க ஒன்றும் இல்லாமல் உட்கார முடியுமா என்று யோசியுங்கள்.

என் கதை ஒன்று. முன்பு நான் இருந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு ஸ்பீக்கர் செய்தோம். கடைசி நேரத்தில் ஒரு வசதியைத் தூக்கிவிட்டார்கள். அந்த வசதியின் படம் பெட்டிமேல் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. 6,200 பெட்டி. இரண்டு பேர் கிடங்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றின்மேலும் ஸ்டிக்கர் ஒட்டினோம், நானும் ஒருத்தி. நான்காவது நாள் ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது. இதெல்லாம் எந்த எக்செல் தாளிலும் வராத செலவு.

#4 வால்நட்சத்திரம்

எல்லோரும் சேர்ந்து அவரை ஓட்டிவிடுவீர்கள் போலிருக்கிறது. ஆப்பிள் கம்ப்யூட்டர் கம்பெனியாக இருந்துதான் ஃபோன் செய்தது. புத்தகம் விற்றவன் எக்கோ ஸ்பீக்கர் செய்து வீட்டுக்கு வீடு வைத்தான். எக்ஸ்பாக்ஸ் இன்றும் இருக்கிறது. ரிஸ்க் எடுக்காமல் யாரும் பெரியாளாகவில்லை. தோற்ற கதையை மட்டும் பொறுக்கி எடுத்தால் எந்தத் தொழிலும் சுடுகாடாகத்தான் தெரியும்.

#5 சாலிடர்சாமி

@வால்நட்சத்திரம், நீங்கள் சொன்ன மூன்றையும் எடுத்துக்கொள்வோம்.

எக்ஸ்பாக்ஸ் இருக்கிறது, ஏனென்றால் அந்த 100 கோடியைக் கட்ட விண்டோஸும் ஆஃபீஸும் இருந்தன. எக்கோ நன்றாக விற்றது, மறுக்கவில்லை. ஆனால் 2017 முதல் 2021 வரை அமேசானின் கருவிகள் பிரிவு 2,500 கோடி டாலருக்கு மேல் நஷ்டப்பட்டதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2024இல் எழுதியது. கருவியை அடக்க விலைக்கே கொடுத்துவிட்டு மக்கள் அதன் வழியாகச் சாமான் வாங்குவார்கள் என்று நினைத்தார்கள், மக்களோ மணி கேட்கவும் பாட்டுப் போடவும் வைத்துக்கொண்டார்கள். நன்றாக விற்பதும் லாபம் வருவதும் வேறு வேறு.

ஆப்பிள் கதைதான் எனக்குப் பிடித்தது. 2007இல் ஐஃபோன் வருவதற்கு முன்னால் 2001 முதலே ஐபாடைச் செய்து விற்றிருந்தார்கள். சின்ன டிஸ்க், ஃப்ளாஷ் மெமரி, பேட்டரி, கோடிக்கணக்கில் செய்து தரும் தொழிற்சாலை, பாட்டுக் கம்பெனிகளோடு ஒப்பந்தம், சொந்தக் கடை எல்லாம் ஏற்கனவே கையில். நடுவில் 2005இல் மோட்டோரோலாவின் ராக்கர் ஃபோனில் தங்கள் பாட்டு மென்பொருளான ஐட்யூன்ஸைப் போட்டுப் பார்த்தார்கள். 100 பாட்டுக்கு மேல் ஏறாத ஃபோன், யாருக்கும் பிடிக்கவில்லை. அந்த அவமானத்தில் பெரும்பங்கு மோட்டோரோலாவுக்குப் போனது, பாடம் ஆப்பிளுக்கு வந்தது. இதற்குப் பெயர் திடீரென்று குதித்ததா? படிப்படியாக இறங்கியிருக்கிறார்கள்.

இரவுக்கோடர் முதலாளிக்கு ஆப்பிளுக்குக் கிடைத்த அந்த ஆறு வருடப் பயிற்சியும் இல்லை, கீழே விழுந்தால் பிடிக்க விண்டோஸும் இல்லை. அதைத்தான் சொல்கிறேன், ஓடச் சொல்லவில்லை.

#6 கடைசிப்படி

சில்லறை விற்பனைப் பக்கம் இருந்தவன். யாரும் சொல்லாத ஒன்று: கடைக்குப் போன சரக்கு விற்ற சரக்கு இல்லை.

புதுக் கம்பெனிகள் இங்கேதான் ஏமாறும். பெரிய விற்பனைச் சங்கிலி 3,000 கருவி எடுத்துக்கொண்டது என்றால் அலுவலகத்தில் கேக் வெட்டுவார்கள். அந்த 3,000 இன்னும் கடை அலமாரியில்தான் இருக்கிறது. விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கும். நீங்கள் நடுவில் விலையைக் குறைத்தால், அவர்கள் கையிலிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் அந்த வித்தியாசத்தை நீங்களே கொடுக்க வேண்டும். திரும்பி வந்த பெட்டியைப் புதிது என்று மறுபடி விற்கவும் முடியாது, பிரித்துச் சோதித்து வேறு பெட்டியில் போட்டுக் குறைந்த விலைக்குத் தள்ள வேண்டும். திரும்பி வருவதில் பாதி பழுதே இல்லாமல் இருக்கும் என்பது வேறு விஷயம். ஆளுக்கு வைஃபையில் இணைக்கத் தெரிந்திருக்காது, அவ்வளவுதான்.

ஹெச்பியின் டச்பேட் டேப்லெட் 2011 ஜூலை 1 அன்று கடைக்கு வந்தது, ஆகஸ்ட் 18 அன்று நிறுத்தினார்கள். 49 நாள். 99 டாலருக்கு இறக்கியதும் மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள், அந்த விலைக்கு விற்றால் எவன் பிழைப்பான்? அதே வருடம் பிளாக்பெர்ரி பிளேபுக். மின்னஞ்சலால் பேர் வாங்கிய கம்பெனி, அது செய்த டேப்லெட்டில் மின்னஞ்சல் ஆப் இல்லை! பக்கத்தில் பிளாக்பெர்ரி ஃபோன் இருந்தால் அதோடு இணைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். டிசம்பரில் 48.5 கோடி டாலர் எழுதினார்கள்.

அப்புறம் மைக்ரோசாஃப்ட் கின், 2010. சமூக வலைத்தளங்களில் மூழ்கிக் கிடக்கும் இளைஞர்களுக்கென்று செய்த ஃபோன். ஆனால் மாதாமாதம் ஸ்மார்ட்ஃபோனுக்கு உண்டான டேட்டா கட்டணத்தையே கட்டச் சொன்னது, அதை விற்ற ஃபோன் சேவைக் கம்பெனி வெரைசன். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மூடிவிட்டார்கள். நடுவில் இன்னொருவர் இருந்தால் உங்கள் கருவி எவ்வளவுக்கு விற்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

#7 இரவுக்கோடர்

எல்லோருக்கும் நன்றி, நோட்டுப் புத்தகம் நிரம்புகிறது. இரண்டு கேள்வி.

எங்கள் கருவியில் பேட்டரி உண்டு (ஒரு நாள் முழுக்கத் தாங்க வேண்டுமாம்). தொழிற்சாலைக்காரர் பேட்டரி விஷயத்தை எங்களிடம் விடுங்கள் என்கிறார். விடலாமா? இன்னொன்று, குரலை எழுத்தாக மாற்றுவது எல்லாம் எங்கள் சர்வரில்தான் நடக்கும். கருவி தனியாக ஒன்றும் செய்யாது. இது ஆபத்துக் கணக்கில் வருமா, அல்லது எங்களுக்குப் பழக்கமான வேலை என்று விட்டுவிடலாமா?

#8 சான்றிதழ்சுப்பு

பேட்டரியை யாரிடம் விட்டாலும் பெட்டிமேல் இருப்பது உங்கள் பெயர். தீப்பிடித்தால் செய்தியில் வருவதும் அதுதான்.

சிப் விஷயத்தில் உலகத்துக்கே பாடம் எடுக்கிற இன்டெல், பேசிஸ் என்ற கைக்கடிகாரக் கம்பெனியை 2014இல் வாங்கியது. பேசிஸ் பீக் கடிகாரம் சூடாகிச் சிலருக்குக் கையில் கொப்புளம் வந்தது. மென்பொருளால் சரிசெய்யப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 2016 ஆகஸ்டில் விற்ற எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தார்கள். கோப்ரோ கேமராவிலிருந்து ட்ரோனுக்குப் போனது. கர்மா என்ற ட்ரோன், 2016 அக்டோபரில் கடைக்கு வந்து இரண்டே வாரத்தில் சுமார் 2,500 ட்ரோன்களைத் திரும்பப் பெற்றார்கள். பறந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் துண்டித்துக் கீழே விழுந்தது. கோளாறு பேட்டரியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கியில், ஒரு பிளாஸ்டிக் சமாச்சாரம்! சரிசெய்து மறுபடி கொண்டுவந்தார்கள். 2018 ஜனவரியில் ட்ரோன் தொழிலே வேண்டாம் என்று அறிவித்தார்கள். கேமராவில் அவர்கள் ராஜா என்பது அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை.

ஹ்யூமேன் ஏஐ பின் இன்னும் பக்கத்தில் நடந்த கதை. உங்கள் கருவிக்குச் சொந்தக்காரன் என்றே சொல்லலாம், பேசினால் கேட்டுப் பதில் சொல்வது. 2024 ஏப்ரலில் கைக்கு வந்தது, ஜூனில் சார்ஜ் செய்யும் பெட்டியைப் பயன்படுத்தாதீர்கள் என்றார்கள், அக்டோபரில் சுமார் 10,500 பெட்டிகளை முறைப்படி திரும்பப் பெற்றார்கள். வெளியில் வாங்கிய பேட்டரியில்தான் தீ அபாயம். எங்களிடம் விடுங்கள் என்று சொல்கிறாரே ஒருவர், அவரிடம் கேளுங்கள்: பேட்டரிக்குள் இருக்கும் செல் எந்தக் கம்பெனி, நடுவில் சொல்லாமல் மாற்றமாட்டேன் என்று எழுதித் தருவீர்களா?

காகித வேலையும் உண்டு. லித்தியம் பேட்டரி எதையும் ஏற்றி அனுப்ப ஐநா 38.3 சோதனை அறிக்கை வேண்டும். உயரம், அதிர்வு, மோதல், ஷார்ட் சர்க்யூட் என்று வரிசையாகச் சோதிப்பார்கள். பேட்டரியைத் தனியாக விமானத்தில் அனுப்பினால் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. புளூடூத், வைஃபை இருந்தால் நாட்டுக்கு நாடு ரேடியோ சான்றிதழ். இதில் ஒரு நல்ல வழி உண்டு, ஏற்கனவே சான்றிதழ் வாங்கிய ரேடியோ மாட்யூலை வாங்கிப் போடுங்கள். கொஞ்சம் விலை கூட, ஆனால் சோதனைக்கூடத்தில் தோற்று போர்டை மறுபடி வரைகிற தலைவலி பெருமளவு குறையும். ஐரோப்பாவில் விற்கும் யோசனை இருந்தால் 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும், விதிவிலக்குகள் குறைவு. பசை போட்டு ஒட்டிய வடிவத்தைத் தொழிற்சாலை காட்டினால் இப்போதே கேட்டுவிடுங்கள், பிளாஸ்டிக் உடலை வார்க்கும் அச்சு வெட்டிய பிறகு கேட்டால் புது அச்சுக்குத்தான் பணம் கேட்பார்கள்.

#9 செத்தபெட்டி

சர்வர் கேள்விக்கு வாங்கி ஏமாந்தவனாகப் பதில் சொல்கிறேன்.

வீட்டு விளக்குகளை இயக்க ஒரு பெட்டி வாங்கியிருந்தேன். கம்பெனி பெயரை விடுங்கள். ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது, சேவை நிறுத்தப்படுகிறது என்று. பெட்டியில் கீறல்கூட இல்லை, பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு பல்பை அணைக்க முடியவில்லை. அதை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன், பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது.

நான் மட்டும் இல்லை. ரிவால்வ் என்ற பெட்டி 2016 மே மாதம் இப்படித்தான் செத்தது. "வாழ்நாள் சந்தா" என்று சொல்லி விற்றது, யார் வாழ்நாள் என்றுதான் சொல்லவில்லை. ஸ்பாட்டிஃபை காரில் வைக்க கார் திங் என்று ஒன்று செய்தது. 2022 பிப்ரவரியில் எல்லோருக்கும் விற்பனை, ஜூலையில் தயாரிப்பு நிறுத்தம், 3.1 கோடி யூரோ நஷ்டக் கணக்கு, 2024 டிசம்பர் 9 அன்று எல்லாம் ஒரே நாளில் முடக்கம். ஜனங்கள் சத்தம் போட்ட பிறகுதான் ரசீது காட்டினால் பணம் என்றார்கள். சுப்பு சொன்ன ஹ்யூமேன் பின்னும் 2025 பிப்ரவரி 28 அன்று சர்வரோடு போய்விட்டது.

ஆப்பை மூடினால் நான் வேறு ஆப்புக்குப் போய்விடுவேன். 200 டாலர் கொடுத்து வாங்கிய பெட்டி கையில் செத்தால் அந்தக் கம்பெனியின் ஆப்பையும் அன்றைக்கே தூக்கிவிடுவேன். முதலாளியிடம் இதைச் சொல்லுங்கள்: கருவி தோற்றால், ஓடிக்கொண்டிருக்கிற ஆப்பும் கூடவே அடி வாங்கும்.

#10 வால்நட்சத்திரம்

சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் ஒரு யோசனை. எல்லாவற்றையும் தானே கற்றுக்கொள்வதற்குப் பதில் ஏற்கனவே கருவி செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றை வாங்கிவிட்டால்? ஆள், அச்சு, சப்ளையர் எல்லாம் சேர்ந்து வந்துவிடுமே.

#11 கிடங்குக்காரி

வரும், அவர்களுடைய ஒப்பந்தங்களும் சேர்ந்து வரும். சிஸ்கோ 2009இல் ஃப்ளிப் வீடியோ கேமராவை 59 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போது நன்றாக விற்றுக்கொண்டிருந்த கருவி. 2011 ஏப்ரலில் மூடிவிட்டது, ஃபோனிலேயே நல்ல வீடியோ வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் ஃபோன் பிரிவை 2014இல் வாங்கி, 2015இல் 760 கோடி டாலர் நஷ்டம் எழுதியது, ஏறத்தாழ வாங்கிய விலை அளவுக்கு. இதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

இரவுக்கோடர், நான் இன்னொன்று சொல்ல மறந்தேன், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் ஆர்டர் விற்றுத் தீர்ந்தால் ஜாக்கிரதையாக இருங்கள். இரண்டாவது ஆர்டரில்தான் கம்பெனிகள் செத்துப்போகின்றன. ஸ்னாப் கண்ணாடியை 2016 நவம்பரில் மஞ்சள் நிற விற்பனை இயந்திரத்தில் வைத்து அங்கொன்று இங்கொன்றாக விற்றபோது மணிக்கணக்கில் வரிசை. அந்த வரிசையைப் பார்த்து ஆர்டர் போட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வாங்கிய பிறகு வேறு யாரும் வரவில்லை. பெபிள் கடிகாரத்துக்கு 2012இல் மக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் திரண்டது, 2015இல் அடுத்த மாடலுக்கு அதைவிட இரு மடங்கு. 2016 டிசம்பரில் கம்பெனி இல்லை. முன்பணம் கட்டுகிற ரசிகர்களை வைத்து மற்றவர்களை எடைபோட முடியாது. ரசிகன் வலைத்தளத்தைத் தினமும் திறந்து பார்ப்பான், மற்றவர்களுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது.

என்னிடம் கேட்டால், 10,000 என்ற பேச்சை விடுங்கள். 500 செய்யுங்கள். எஃகு அச்சு வெட்டாதீர்கள், அலுமினிய அச்சு போதும், ஆயுள் குறைவு, செலவும் குறைவு. ஒரு கருவிக்கு அடக்கம் இரண்டு மடங்கு வரும், வரட்டும். நஷ்டத்துக்கே உங்கள் ஆப்பின் பழைய வாடிக்கையாளர்களுக்குக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து எத்தனை கருவி தினமும் சர்வரோடு பேசுகிறது என்று பாருங்கள், அந்த எண்ணிக்கை எந்தக் கடைக்காரருக்கும் கிடைக்காது, உங்களுக்குக் கிடைக்கும். ஆப் கம்பெனியாக இருப்பதில் உங்களுக்குள்ள ஒரே வசதி அதுதான்.

#12 இரவுக்கோடர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஒரு பக்கம் கேட்டவரிடம் ஐந்து பக்கம் கொடுத்தேன். எக்ஸ்பாக்ஸ், ஃபயர் ஃபோன் எல்லாம் படித்துவிட்டு "அதெல்லாம் பெரிய கம்பெனி, நமக்கு எதற்கு" என்று தள்ளிவிட்டார். கிடங்குக்காரி சொன்ன என்சிஎன்ஆர் பட்டியலைத் தொழிற்சாலையிடம் கேட்டு வாங்கி நீட்டியதும்தான் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 61 சாமானில் ஏழு ரத்து செய்ய முடியாதவை. அந்த ஏழின் தொகை மட்டும் எங்கள் நான்கு மாதச் சம்பளச் செலவு. அதுவரை "விற்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்" என்றே நினைத்திருக்கிறார்.

பேட்டரி செல் யாருடையது என்று எழுதிக் கேட்டதற்குப் பதில் வர ஒன்பது நாள் ஆனது. வந்த பதிலில் இரண்டு கம்பெனிப் பெயர், நடுவில் "அல்லது". சுப்பு சிரிப்பார்.

இப்போதைக்கு 500 என்று பேசியிருக்கிறோம். அந்தத் தொழிற்சாலை ஒப்புக்கொள்ளவில்லை, வேறொன்றைப் பிடித்திருக்கிறோம். சர்வர் நின்றாலும் கருவி குறைந்தபட்சம் பேச்சைப் பதிவு செய்து யூஎஸ்பி வழியாகக் கோப்பாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்க்க வைத்தேன், அது செத்தபெட்டிக்காக. முதலாளிக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. அடுத்த வருடக் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்ற கனவு அப்படியே இருக்கிறது.

நேற்று மாதிரிக் கருவி ஐந்து வந்தது. பார்க்க அழகாக இருக்கிறது, அலுவலகமே சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டது. ஐந்தில் ஒன்று சார்ஜ் ஏறவில்லை. கேட்டால், "மாதிரிதானே, தயாரிப்பில் வராது" என்கிறார்கள்.

#13 சாலிடர்சாமி

அந்த ஒன்றைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கேபிளை லேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், ஏறி ஏறி நிற்கிறதா என்று. அப்புறம் திருகைக் கழற்றி, சார்ஜ் சாக்கெட்டின் நான்கு காலும் போர்டில் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பக்கத்திலிருந்து படமெடுத்து இங்கே போடுங்கள். நல்ல நான்கில் ஒன்றையும் பிரித்து அதே கோணத்தில் இன்னொரு படம்.